நரியைக் கூப்பிடத் தெரிஞ்சவங்க

அன்னூர் பக்கம் எங்க அப்பாரு தோட்டத்துல, நான் சின்னப் பையனா இருந்தப்ப பொழுது சாய்ஞ்சா நரி ஊளை கேக்கும். இப்போ மயில் அகவறது மட்டும்தான். நரி இல்லாம மயில் முட்டையெல்லாம் தப்பிச்சுப் பெருகிடுச்சு, சோளக்காடு போச்சுன்னு ஊருக்குள்ள ஒரே புலம்பல்.

சரி, நரி எங்க போச்சுன்னு கேட்டா பதில் தயாரா இருக்கும்: "குருவிக்காரங்க புடிச்சுத் தின்னுட்டாங்க." எனக்குக் கோவம் வர்றது இங்கதான்.

அவங்க நரி புடிச்சது நெசந்தான். 1909-ல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலேயே அது இருக்கிறது. வலையைக் கட்டிட்டு ஒருத்தர் அச்சு அசலா நரி மாதிரியே ஊளையிடுவார். இன்னொரு நரிதான் கூப்பிடுதுன்னு நம்பி ஓடி வந்து மாட்டிக்கும். அமெரிக்காவில் நரிக்குச் சொந்தமான கயோட்டியை இப்படித்தான் மிஷின்ல சத்தம் போட்டு வரவழைச்சு சுடறாங்க, அதுவும் பொழுதுபோக்குக்கு! நம்மாளுக்கு வாய் ஒண்ணே போதும்.

ஆனா அந்த நரி யாருக்காகச் செத்தது? கல்லாவுல நரிக்கொம்பு வெச்சா காசு கொட்டும், நரிப்பல்லு கட்டுனா கொழந்தைக்குப் பயம் தெளியும்னு காசு குடுத்து வாங்குனது யாருங்க? நாமதான். நரிக்கு ஏதுங்க கொம்பு?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, மிருகத்தை ஆசை காட்டி வரவழைச்சுப் புடிக்க முயற்சி பண்றதே வேட்டைதான். 2022 திருத்தத்தில் நரி முதல் அட்டவணைக்கே போயிடுச்சு, புலியோட சரிசமமா. சட்டம் சரிதான், நான் மறுக்கலை. ஆனா புடிச்சவனைத் திட்டற வாய், வாங்குனவனைத் திட்டறதில்லையே?

இன்னொண்ணு. கிரீஸ், ஹங்கேரி மாதிரி நாடுகளில் ராத்திரி நரி ஊளையை ஒலிபெருக்கியில் போட்டு, எத்தனை பக்கம் இருந்து பதில் வருதுன்னு வெச்சு நரிகளைக் கணக்கெடுக்கறாங்க. அந்த வேலைக்கு நம்மகிட்ட மிஷினே வேண்டாம். கூப்பிடத் தெரிஞ்ச பெரியவங்க ஒண்ணு ரெண்டு பேராவது இன்னும் இருப்பாங்க. நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்க்கவே 2022 டிசம்பர்லதான் நாடாளுமன்றம் ஒத்துக்கிச்சு. அந்தச் சான்றிதழோட ஒரு வேலையும் குடுக்கலாமில்ல? வனத்துறை மாசச் சம்பளம் போட்டு, கரட்டோரம் கூட்டிட்டுப் போய், "கூப்பிடுங்கய்யா, எண்ணுவோம்"னு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?

கூப்பிட ஒரு ஆளும், பதில் சொல்ல ஒரு நரியும் மிச்சம் இருக்கறப்பவே செய்யோணும். நான் சொல்றது தப்புங்களா?