பழைய கணக்கைக் காட்டிவிட்டுப் புதுசைப் பேசு, தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படிக்கவும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருவன் சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்க்கிறான். பெயர் எழுதவில்லை, அவனுக்கே தெரியும். என்ன புது செயலி வந்திருக்கிறது, எந்தச் செயற்கை நுண்ணறிவுக் கருவி எதை முந்திவிட்டது என்று மாதா மாதம் விமரிசனம் எழுதுகிறான். நன்றாகவே எழுதுகிறான். ஒற்றுதான் இன்னும் தகராறு. போன வாரம் எழுதியதில் ஒரு வரி: பழைய மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்காகத் தொழில்நுட்பம் காத்திருக்காதாம். கீழே எழுபது பேர் கைதட்டியிருக்கிறீர்கள். என் தம்பி மகளும் அதில் அடக்கம்.

அழுகிறவர் யார் என்று சொல்கிறேன், கேள் தம்பி.

2004ல் நம் பள்ளி ஆண்டு விழா மலரைக் கடைத்தெருவில் ஒரு டி.டி.பி. கடையில் அடித்தோம். உன் கட்டுரையும் அதில் உண்டு. உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் 'எங்கள் ஏரி' என்று ஒரு பக்கம் எழுதியிருந்தான். போன வருஷம் சாலை விபத்தில் அவன் போய்ச் சேர்ந்தது உனக்கும் தெரியும். அவன் அம்மா வீட்டுக்கு வந்து, "டீச்சர், அவன் கையால எழுதினது ஏதாவது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார். அச்சான மலர் பள்ளியிலும் இல்லை. கடைக்காரர் அன்று கொடுத்த சிடி மட்டும் என்னிடம் இருந்தது. சிடி போடுகிற கம்ப்யூட்டரைத் தேடவே நான்கு நாள் ஆயிற்று. கோப்பு திறந்தது. உள்ளே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ குப்பை. அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுவா டீச்சர் அவன் எழுதினது?" என்றார்.

ஏன் இப்படி ஆயிற்று என்று நீ உன் வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்கிறேன். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தன. எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் இஷ்டம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழே இல்லை. யூனிகோடின் முதல் பதிப்பில், 1991லேயே, தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் 1999ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளை அறிவித்தது. 2010ல் யூனிகோடும் டேஸ்16ம்தான் தரம் என்று ஆணை வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது கைதட்டல்தான். அதற்கு முன் அடித்துவைத்த கோடிக்கணக்கான பக்கங்கள் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

"மாற்றி இருக்கே டீச்சர்" என்பாய். இருக்கிறது. சுரதாவின் பொங்குதமிழ் இருக்கிறது, என்.எச்.எம். கன்வெர்ட்டர் இருக்கிறது. தமிழ்மேல் அக்கறை உள்ளவர்கள் இலவசமாகச் செய்து கொடுத்தவை. அவர்களுக்கு என் கும்பிடு. ஆனால் எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால்தான் மாற்றி உதவும். கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் முதல் பத்தி தமிழாக வந்தது. அடுத்த பத்தி வேறு எழுத்துரு போலிருக்கிறது, எதற்கும் மசியவில்லை.

இது பழைய கதை, இப்போது அப்படி இல்லை என்று யாராவது சொன்னால் 2025ஐப் பாருங்கள். மே 5ஆம் தேதி ஸ்கைப்பை மூடினார்கள். வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் முகத்தை அதில் பார்த்துப் பழகிய பாட்டிகள் நம் ஊரிலேயே எத்தனை பேர்! அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எத்தனையோ கணினிகள் 11க்குத் தகுதி இல்லாதவை ஆயின. இலவச மடிக்கணினியில் முதன்முதலாகத் தட்டிப் பழகிய பிள்ளை நீ. இரண்டாவது ஒன்று வாங்க வீட்டில் காசில்லாத பிள்ளை என்ன செய்யும் என்று உனக்கா தெரியாது?

நான் புதுசுக்கு எதிரி இல்லை. இந்தப் பதிவில் பாதியை போனிடம் வாயால் சொல்லித்தான் எழுதினேன். ('ஒற்று' என்றால் 'ஒட்டு' என்று போடுகிறது, அது வேறு கதை.)

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை உங்களுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919ல், தேர்தல் விதியை வெட்டினார்கள். இரண்டே வருஷத்தில், 921ல், திருத்திய விதியை வெட்டினார்கள். உன் பாஷையில் சொன்னால் இரண்டாம் பதிப்பு. ஆனால் முதல் பதிப்பை யாரும் செதுக்கி அழிக்கவில்லை. இரண்டும் சுவரில் இருக்கின்றன. எது மாறியது என்று இன்றைக்கும் ஒப்பிட்டுப் படிக்கலாம். அந்த விதியை நான் தலையில் வைத்து ஆடவில்லை. நிலமும் வேதமும் தெரிந்த ஆண்களுக்குத்தான் குடவோலை, உனக்கும் எனக்கும் அதில் ஓலை கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை எனக்குப் பிடிக்கும்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா, அவன் சொந்தக்காரர்களுக்கும் அதே தடை.

நீ புகழ்கிற நிறுவனங்களில் எத்தனை இந்த நிபந்தனையில் தேறும்? போன கருவியை நம்பி நாங்கள் போட்டுவைத்தது எங்கே என்று கணக்குக் காட்டாமலே அடுத்த கருவியோடு வந்து நிற்கிறார்கள். நீங்கள் மாலை போடுகிறீர்கள். இப்போது நிரலையே இந்தக் கருவிகள் எழுதித் தருகின்றன என்று பூரிக்கிறாய். மூன்று வருஷம் கழித்து அந்தக் கருவி மூடினால், அது எழுதிய நிரலை உட்கார்ந்து படித்துப் புரிந்துகொள்ளப்போகிறவன் யார்? அதையும் எழுதேன்.

அடுத்த மாத விமரிசனத்தில் வேகம், விலையோடு மூன்று விஷயம் சேர்த்து எழுது. பழைய கோப்பு இதில் திறக்கிறதா, நாம் போட்டதை முழுசாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா, மூடுவதானால் எத்தனை மாதம் முன்னால் சொல்வார்கள். பதில் தெரியாவிட்டால் அந்த நிறுவனத்தையே கேட்டு எழுது. உன்னை எத்தனையோ பேர் படிக்கிறார்கள், நீ கேட்டால் பதில் வரும்.

2004 மலரின் அச்சுப் பிரதி யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். 'எங்கள் ஏரி' எத்தனையாவது பக்கம் என்று எனக்கு நினைவில்லை, எல்லாப் பக்கமும் வேண்டும். அந்த அம்மா பொங்கலுக்கு முன்னால் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.