சைலென்சர் எண்டுதானே அதுக்குப் பேர்?



போன எபிசோட்டின் கடைசியில், புதுசா ஒரு மோட்டச்சைக்கிள் எடுத்திருக்கிறன் எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு இன்பொக்ஸில் வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "அண்ணா, எந்த எக்ஸோஸ்ட் போடப்போறீங்கள்?" பைக் எப்பிடி ஓடுது, முதுகு நோகுதா, இன்சூரன்ஸ் எவ்வளவு? ஒருத்தரும் கேக்கேல்ல.

பைக் றோயல் என்ஃபீல்ட் சூப்பர் மீட்டியோர் 650. சென்னைக்குப் பக்கத்தில் செய்து கப்பலேறி வந்து, இப்ப ஹரோவில் எங்கட வீட்டு வாசலில் நிக்குது. 648 சிசி, 241 கிலோ, ரெண்டு சிலிண்டர், ரெண்டு பக்கமும் நீளமான சைலென்சர். ஆறு மாதக் கொன்ட்ராக்டை நீடிச்ச சந்தோசத்தில் எடுத்தது. எடுத்த முதல் கிழமை நானும் உங்களைப் போலத்தான்: பிரவுசரில் 14 டாப், எல்லாம் எக்ஸோஸ்ட் வீடியோ.

இப்ப என்ர அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். புது க்ரூசருக்கு எக்ஸோஸ்ட் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது பேப்பர். ரெண்டாவது சென்சர். சத்தம் மூன்றாவதுதான். நாங்கள் எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன், ஆகவே சத்தத்திலிருந்தே வருகிறேன்.

யூரியூப்பைக் கேட்டு வாங்காதீங்கள்

பொட்காஸ்ட் கேக்கிற உங்களுக்கு இது கெதியா விளங்கும். நாங்கள் எபிசோட் எடிட் பண்ணும்போது கொம்பிரசர் போட்டு, மெதுவாகக் கதைக்கிறவரையும் கத்துறவரையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். போனின் மைக்கும் தானாக அதைத்தான் செய்யுது. ஆகவே கொம்பனி சைலென்சரும், உள்ளே இருக்கிற பஃபிளைக் கழட்டின குழாயும் வீடியோவில் கிட்டத்தட்ட ஒரே அளவில் கேட்கும். நேரில் 10 டெசிபல் வித்தியாசம் எண்டால் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம். வீடியோவில் அது காணாமல் போயிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. எஞ்சின் சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 1200 சுற்று எண்டு வையுங்கோ. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரெண்டு சிலிண்டர் எண்டால் செக்கனுக்கு 20 வெடிப்பு, அதாவது 20 ஹேர்ட்ஸ். 3000 சுற்றில் 50 ஹேர்ட்ஸ். போன் ஸ்பீக்கரால் அந்த அடித்தொனியை எழுப்பவே ஏலாது. நெஞ்சில் விழுகிற அந்த 'டப் டப்' நீங்கள் பார்த்த வீடியோவில் இல்லை. மேலே இருக்கிற ஹார்மொனிக்ஸை வைத்து உங்கட மூளைதான் மிச்சத்தை நிரப்புது.

அதோட, இந்த பைக்கின் தாளம் சைலென்சரில் பிறக்கிறதும் இல்லை. கிராங்கை 270 பாகையில் வைத்திருக்கிறார்கள். ஒரு வெடிப்புக்குப் பிறகு 270 பாகையில் அடுத்தது, அதுக்குப் பிறகு 450 பாகை இடைவெளி. அந்தச் சமனில்லாத இடைவெளிதான் வி-ட்வின் மாதிரிக் கேட்க வைக்குது. குழாயை மாத்தினால் சத்தம் கூடும், தொனி கொஞ்சம் மாறும். தாளம் மாறாது.

குழாய்க்குள் ஒரு சென்சர் இருக்கு

ஒக்சிஜன் சென்சர் புகையில் மிஞ்சிய ஒக்சிஜனைப் பார்த்து ஈசியுவுக்குச் சொல்லும். ஈசியு அதை வைத்து காற்று, பெற்றோல் விகிதத்தை 14.7க்கு 1 என்ற இடத்தைச் சுற்றி வைத்திருக்கும். எங்களுக்குத் தெரிந்த ஃபீட்பக் லூப்தான். ஆனால் த்ரொட்டிலை முழுக்கத் திறந்தால் ஈசியு சென்சரைக் கவனிக்காமல், கொம்பனி எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்து ஓடும். அந்த அட்டவணை பழைய சைலென்சருக்காக எழுதினது.

ஸ்லிப்-ஒன் எண்டால் கடைசித் துண்டை மட்டும் மாத்துறது. கட்டலிடிக் கன்வெர்ட்டரும் சென்சரும் எஞ்சினுக்குக் கிட்ட, ஹெடர் பக்கம் இருந்தால் அவற்றைத் தொடத் தேவையில்லை, ஈசியுவும் பெரும்பாலும் சமாளிக்கும். கிடைக்கிற லாபம் எடை குறைவது, வேகம் இல்லை. ஃபுல் சிஸ்டம் எண்டால் எல்லாத்தையும் கழட்டுறது. பல செட்டுகளில் கன்வெர்ட்டரும் அதோட போயிடும். பிறகு ரீமப் வேணும். ஆரோ ஒருத்தர் எழுதின ஃபைலை, டெஸ்ட் ஒண்டும் இல்லாமல் நேரா ப்ரொடக்ஷனில் ஏத்துறதுக்கு வேலையில் நீங்கள் ஓம் எண்டு சொல்லுவீங்களோ?

இது சின்ன விசயம் இல்லை. 2016 ஆகஸ்டில் ஹார்லி டேவிட்சன், அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனத்தோட செய்த உடன்பாட்டில் 12 மில்லியன் டொலர் தண்டம் கட்ட ஒத்துக்கொண்டது. விசயம் 'சூப்பர் டியூனர்' என்ற ஒரு சின்னப் பெட்டி. 2008 தொடக்கம் ஏறத்தாழ 340,000 பெட்டிகள் விற்கப்பட்டிருந்தன. பைக்கின் புகை அளவை அனுமதித்ததுக்கு மேல் போகவிடுகிற சொஃப்ட்வெயர் எண்டதுதான் குற்றச்சாட்டு. கடைகளில் மிஞ்சியதைத் திருப்பி வாங்கி அழிக்கவும் வேண்டி வந்தது.

பேப்பர்

யூகே சட்டத்தைச் சொல்கிறேன். மற்ற நாடுகளில் இருக்கிற நீங்கள் உங்கட விதிகளைப் பாருங்கோ. றோட்டில் ஓடுற பைக்கின் சைலென்சரில் ஈ-மார்க் அல்லது பிரிட்டிஷ் தர முத்திரை இருக்க வேணும். 'நொட் ஃபோர் றோட் யூஸ்' எண்டு அடிச்சிருந்தால் எம்ஓடியில் ஃபெயில். புது பைக்குக்கு முதல் எம்ஓடி மூன்று வருசத்துக்குப் பிறகுதான், ஆனால் பொலிஸுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஈ-மார்க் இருக்கிற குழாயிலும் பஃபிளைக் கழட்டினால் அந்த அனுமதி பெறுமதி இல்லாமல் போயிடும். இன்சூரன்ஸுக்கு மாற்றத்தைச் சொல்ல வேணும். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு கிளெய்மை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணத்தை நீங்களே கொடுக்கிறீர்கள். லண்டனில் கென்சிங்டன் பக்கம் போனால் சத்தத்தைப் பிடிக்கிற கமராவே இருக்கு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் செய்தன்.

சிநேகிதன் ஒருத்தன் தன்ர பழைய செட்டைத் தந்தான். பஃபிள் இல்லை. மேலே சொன்ன அதே முத்திரை, அதே ஆங்கில வசனம், குழாயின் உடம்பில் வடிவா அடிச்சிருந்தது. காணாத மாதிரிப் பூட்டினன். மூன்று நாள் ஓடினன். நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டன். முக்கியமா அந்த 'பொப்ஸ்'. த்ரொட்டிலை மூடினதும் எரியாத பெற்றோல் சூடான குழாய்க்குள் போய், மூட்டுகளால் இழுபட்ட காற்றோட சேர்ந்து பட் பட் எண்டு வெடிக்கும். அதுக்கெண்டே காசு கொடுத்து டியூன் பண்ணுகிறவர்கள் இருக்கினம்.

மூன்றாம் நாள் ஒரு ரிலீஸ் முடிய இரவு பதினொரு மணியாச்சு. எங்கட றோட்டில் திரும்பி த்ரொட்டிலை விட்டன். நாலைஞ்சு தரம் வெடிச்சது. பைக்கை நிப்பாட்டி உள்ளே போனால் ஹோல் இருட்டு. ரீவியில் படம் போகுது, சத்தம் இல்லை. அப்பா யன்னலுக்கு நேரே இல்லாமல், குசினிக்குப் போற வழியில் சுவரோட நிக்கிறார்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. லைற் கண்ணுக்குள்ள குத்திச்சுது, நூத்தனான்."

அப்பா இங்க வந்து முப்பது வருசத்துக்கு மேல். உங்களில் கன பேருக்கு இதுக்கு மேல் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர் பிறகும் ஒண்டும் சொல்லேல்ல. அடுத்த நாள் காலமை நான் ஸ்பானர் எடுத்துக் கழட்டும்போது தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, "முந்தினதே நல்லம், என்ன?" எண்டார். அவ்வளவுதான்.

நீங்கள் கேக்கப்போற ரெண்டு கேள்வி

"சத்தம் இருந்தால்தானே கார்க்காரனுக்குத் தெரியும்?" இதை நானும் நம்பினனான். ஆனால் குழாய் பார்க்கிறது பின்பக்கம். ஜங்ஷனில் எங்களை அடிக்கிற கார் வருகிறது முன்னால், யன்னலைப் பூட்டி, பாட்டைப் போட்டுக்கொண்டு. "சொறி மேட், உன்னைக் காணேல்ல" எண்டுதான் அந்த ட்ரைவர் சொல்லுவார், கேக்கேல்ல எண்டு இல்லை. காணப்பண்ணுறதுக்கு வெளிச்சமான ஜக்கெட்டும், லேனில் நிக்கிற இடமும், ஒரு நாள் அட்வான்ஸ்ட் ட்ரெயினிங்கும் கூட உதவும்.

"என்ர பைக், என்ர காசு. ரைட் டு ரிப்பெயர் எண்டு நீங்கள்தானே எபிசோட் எபிசோடாக் கதைக்கிறீங்கள்?" ஓம், இப்பவும் அதே பக்கம்தான் நிக்கிறன். சொந்தமாக ஒயில் மாத்துங்கோ, ஈசியு டேட்டாவை வாசியுங்கோ, கொம்பனி பூட்டி வைச்சதைத் திறக்கக் கேளுங்கோ. ஆனால் நான் போனை ரூட் பண்ணினால் கெடுகிறது என்ர போன் மட்டும். பஃபிளைக் கழட்டினால் விலையைக் கட்டுகிறது நைட் ஷிஃப்ட் முடிச்சுப் பகலில் படுக்கிற பக்கத்து வீட்டு நேர்ஸ், கைக்குழந்தையை இப்பத்தான் நித்திரையாக்கின தாய், சுவரோட நிக்கிற ஒரு அப்பா. அவர்களிடம் ஒருத்தரும் பெர்மிஷன் கேக்கேல்ல.

அதுக்காக எக்ஸோஸ்டே மாத்தக்கூடாது எண்டு சொல்லேல்ல. கொம்பனிக் குழாய் பாரம், சிலதின் வடிவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மாத்துறதெண்டால் இப்பிடிச் செய்யுங்கோ: உங்கட மொடலுக்கே அனுமதி எடுத்த ஸ்லிப்-ஒன், ஈ-மார்க் குழாயில் பொறிச்சது, பஃபிள் உள்ளேயே. கன்வெர்ட்டர் எங்கே இருக்கெண்டு வாங்க முதல் பாருங்கோ. இன்சூரன்ஸுக்கும் டீலருக்கும் மெயில் போட்டுப் பதிலை வைச்சிருங்கோ. கடைசியில் அதே குழாய் போட்ட ஒரு பைக்கை நேரில் போய்க் கேளுங்கோ. முக்கியமாக, இருபது அடி பின்னால் நிண்டு கேளுங்கோ. நீங்கள் போகும்போது மற்றவர்கள் நிக்கிற இடம் அதுதான்.

நான் இப்போதைக்குக் கொம்பனிக் குழாயோடதான். எக்ஸோஸ்டுக்கு வைச்ச காசில் ஒரு நல்ல ஹெல்மெட் எடுத்தன். அந்த 'டப் டப்' இப்பவும் இருக்கு, எனக்கும் சீட்டுக்கும் மட்டும் கேக்கிற அளவில்.

நீங்கள் ஒத்துக்கொள்ளேல்ல எண்டால் வொய்ஸ் நோட் அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில் போடுறம். எக்ஸோஸ்ட் சத்தத்தைப் பின்னணியில் போட்டு அனுப்பினால் மட்டும், கொம்பிரசரைக் கூட்டிவிடுவன்.