கல்யாணத்துக்குப் பிறகும் தோழிகள்

2003 ஏப்ரலில் குயின் மேரீஸ் கல்லூரியை இடித்துவிட்டு அங்கே புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்தை விட்டு நகர மறுத்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் போராட்டத்தில் என்னை அதிகம் பாதித்தது, படித்து முடித்துப் பல வருஷம் ஆன பழைய மாணவிகளும் அவர்களுக்குத் துணையாக வந்து நின்றதுதான். வேலை, குடும்பம், பேரப்பிள்ளைகள் என்று ஆளுக்கொரு திசையில் போனவர்கள் ஒரு அவசரத்துக்கு ஒன்றுசேர்ந்தார்கள். அரசு திட்டத்தைக் கைவிட்டது. கல்லூரி இன்றும் மெரினாவைப் பார்த்தபடி இருக்கிறது.

1914இல் கேப்பர் ஹவுஸ் என்ற பழைய பங்களாவில் 37 மாணவிகளோடு தொடங்கிய கல்லூரி அது. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. அதே கடற்கரைச் சாலையில், ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில், சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கான விடுதியை நடத்தினார். பால்ய வயதிலேயே கணவனை இழந்தவர் அவர். 1911இல் பட்டம் பெற்றார். அடுத்த வருஷமே சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். தான் படித்து முன்னேறியதோடு நிற்காமல், பெண்கள் கூடிப் பேச ஓர் இடமும், தங்கிப் படிக்க ஓர் இடமும் வேண்டும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. மூலையில் உட்காரவைக்கப்பட்ட சிறுமிகள் அந்த விடுதியில் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படித்து, ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

நம் ஊரான பெண்ணாடத்துக்கு வருவோம். காலையில் விருத்தாசலம் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். ஒருத்தி இன்னொருத்திக்குப் பூ வைத்துவிடுவாள். ரெக்கார்டு நோட்டு கைமாறும். 'சீட்டுப் போட்டு வைடீ' என்று ஜன்னல் வழியாக உள்ளே பை பறக்கும். சாதி எது, தெரு எது என்று பார்க்காமல் ஒரே டிபன் பாக்ஸில் கை வைப்பார்கள். மூன்று வருஷம் இப்படி. அப்புறம் கல்யாணப் பத்திரிகை வரும், பெயருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. என்று அச்சடித்து. தோழிகள் ஒரே நிறத்தில் சேலை எடுத்து வந்து, மேடையேறி, சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் கடைசிக் கூடல்.

பையன்களின் நட்புக்கு இந்தக் கதி இல்லை. டீக்கடை இருக்கிறது, நற்பணி மன்றம் இருக்கிறது, நண்பன் கல்யாணத்துக்கு வைக்கும் பிளெக்ஸ் இருக்கிறது. அவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பெண் திட்டக்குடிக்கோ திருப்பூருக்கோ போய்விடுகிறாள். புது சிம் வருகிறது, பழைய எண் போகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தருகிறது புதுமைப் பெண் திட்டம். அருமையான காரியம். ஆனால் புகுந்த வீட்டில் கஷ்டம் என்றால் யாரைக் கூப்பிடுவாள்? அம்மாவிடம் சொன்னால் அழுவாள், அண்ணனிடம் சொன்னால் சண்டை. தோழியிடம்தான் முதலில் சொல்ல முடியும். அந்தத் தோழி எந்த ஊரில் இருக்கிறாள் என்றே தெரியாது.

இதை அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் நூறு வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். 1908இல் ஹோவர்டு பல்கலைக்கழக மாணவிகள் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். படிப்பு முடிந்ததும் உறவு முடிவதில்லை. பட்டம் பெற்றவர்களுக்கு ஊர் ஊராகத் தனிக் கிளைகள் உண்டு, சாகும்வரை உறுப்பினர்தான். நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் அதில் ஒருவர். 1913இல் அதே வளாகத்தில் 22 மாணவிகள் டெல்டா சிக்மா தீட்டாவை அமைத்தார்கள். சில வாரங்களிலேயே வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் போய் நடந்தார்கள். கிரேக்க எழுத்துப் பெயர் நமக்கு வேண்டாம். ஒருமுறை சேர்ந்தால் என்றைக்கும் சேர்ந்தவள் என்ற ஏற்பாடு வேண்டும்.

அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு நோட்டு போதும்: பெயர், படித்த கல்லூரி, வருஷம், அம்மா வீட்டு முகவரி. போன் எண்ணை விட அம்மா வீட்டு முகவரியைத்தான் நம்பலாம். மூத்தவர்கள் மாதம் 50 ரூபாய் போட்டால் ஒரு பிள்ளைக்குத் தேர்வுக் கட்டணம் கட்டலாம், அவசரத்துக்கு ஒருத்திக்குப் பஸ் செலவு கொடுக்கலாம். காணும் பொங்கலுக்கு எப்படியும் பிறந்த வீட்டுக்கு வருவார்கள். நம் ஊர் பிரளயகாலேசுவரர் கோயிலில் கூடினால் 'எங்கே போகிறாய்' என்று எந்த வீட்டிலும் கேட்க மாட்டார்கள். கைக்குழந்தையோடு வரட்டும், மாமியாரையும் கூட்டி வரட்டும். இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளை முதல் வரிசையில் உட்காரவைத்து, நோட்டில் அவர்கள் பெயரை முதலில் எழுத வேண்டும். நோட்டு நான் வாங்கித் தருகிறேன்.