குணமாயிற்று என்பது ருசுவாகுமா?



இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றால் நம்மில் ஒருவர் சுளுக்கு வழிப்பவரிடம் போகிறார். மற்றொருவர் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்கிறார். மூன்றாமவர், தாம் படித்தவர் என்பதால், டவுனுக்குப் போய் மின்சார இயந்திரத்தின் கீழ்ப் படுத்துக்கொள்கிறார். "இதனால் வலி தீரும் என்பதற்கு என்ன ருசு?" என்று கேட்டால் மூவரும் ஒரே பதிலைத்தான் சொல்லுகிறார்கள்: "எத்தனையோ பேருக்குக் குணமாகியிருக்கிறதே!" முதல் இருவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அதே பதிலைச் சொல்லும் மூன்றாமவரைப் பார்த்து ஏன் சிரிப்பதில்லை? இயந்திரத்தில் விளக்கு எரிகிறது என்பதாலா?

திடீரென்று வரும் இடுப்பு வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்து விடுகிறது. மனிதன் வைத்தியரைத் தேடி ஓடுவதோ வலி உச்சத்தில் இருக்கும்போது. அதற்குப் பிறகு பெரும்பாலும் அது இறங்கத்தான் செய்யும். இறங்கினால் பெருமை வைத்தியருக்கு. இறங்காதவன் வேறிடம் போய்விடுவான். அவன் கணக்கில் வரமாட்டான். சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரு சங்கதி கேளுங்கள். அமெரிக்காவில் எலிஷா பெர்கின்ஸ் என்ற வைத்தியர் இரண்டு உலோகக் குச்சிகளைச் செய்து, அவற்றால் தடவினால் வலி ஓடிப்போகும் என்று சொல்லி 1796-ல் பேட்டண்டும் வாங்கிவிட்டார். இங்கிலாந்து வரை வியாபாரம் பரவிற்று. நற்சாட்சிக் கடிதங்களுக்கோ பஞ்சமில்லை. 1799-ல் பாத் நகரத்தில் ஜான் ஹேகார்த் என்ற வைத்தியர் என்ன செய்தார்? மரக்குச்சிகளுக்கு உலோகம்போல் வர்ணம் பூசி ஐந்து நோயாளிகளுக்குத் தடவச் செய்தார். நான்கு பேர் வலி குறைந்தது என்றார்கள்! மறுநாள் உண்மையான உலோகக் குச்சியால் தடவியபோதும் பலன் அவ்வளவேதான். குணம் குச்சியில் இல்லை, நம்பிக்கையில் இருந்தது என்பது வெட்ட வெளிச்சமாயிற்று.

"அது பழைய காலம்" என்று சிலர் சொல்லலாம். சில வருஷங்களுக்கு முன் எனக்கு இடுப்புப் பிடித்தபோது, பட்டம் பெற்ற வைத்தியர் ஒருவரே 15 நாள் அசையாமல் படுக்கச் சொன்னார். படுத்தேன். 15 நாள் வரும்படி போயிற்று. அடுப்பெரியக் கடன் வாங்கினோம். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: பின்லாந்தின் ஹெல்சிங்கியில், இப்படி வலி வந்த 186 நகர ஊழியர்களை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பரீட்சித்து, 1995-லேயே முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். ஆள் பார்த்துப் பிரித்தால் லேசான வலிக்காரரெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடக்கூடும் என்பதால், குலுக்கிச் சீட்டெடுப்பது போலப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு நாள் படுக்கை. ஒன்றுக்கு இடுப்புப் பயிற்சி. ஒன்றுக்கு முடிந்தவரை வழக்கமான வேலை. சீக்கிரம் தேறியவர்கள் வழக்கமான வேலை பார்த்தவர்களே! படுத்தவர்களே எல்லோரிலும் பின்தங்கினார்கள்.

2002-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து வந்த முடிவோ இன்னும் வேடிக்கை. முழங்கால் தேய்ந்த 180 பேரில் சிலருக்கு மூட்டுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கவனித்தும் வலியில் வித்தியாசமில்லை. கத்திக்கே இந்தக் கதியென்றால் கயிற்றுக்கு என்ன கதி?

அப்படியானால் பிசியோதெரபியே புரட்டா? இல்லை. முறையாகப் பயிற்சி செய்தால் முழங்கால் தேய்மான வலி ஓரளவு குறையும் என்று காட்டியதும் இத்தகைய பரீட்சைகளே. ஆஸ்திரேலியாவில் 1999 முதல் "பெட்ரோ" என்ற பெயரில் இத்துறைப் பரீட்சைகளைத் திரட்டி, பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் போட்டு, யாவரும் காசில்லாமல் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கேளுங்கள்: இந்தச் சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததுண்டா? கூட்டங்களைக் குலுக்கிப் பிரித்தார்களா? பலனை அளந்தவருக்கு யார் எந்தக் கூட்டம் என்று தெரியாமல் வைத்தார்களா? பாதியில் நின்றவர்களையும் கணக்கில் சேர்த்தார்களா? யோக்கியமான வைத்தியர் இதற்குக் கோபிக்கமாட்டார். கோபிப்பவரிடம் உங்கள் கூலிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆனால் இடுப்பு வலியோடு கால் சோர்ந்தாலும், சிறுநீர் அடைத்தாலும், விவாதம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முன்னோர் சொன்னார் என்று நம்புவதும், பட்டம் பெற்றவர் சொன்னார் என்று நம்புவதும் ஒன்றே. நான் எழுதினேன் என்பதற்காகவும் நம்பாதீர்கள். ருசுவைக் கேளுங்கள்!