பனியனைக் கழட்டி வெச்சிட்டு பனிக்குப் போங்க

செமஸ்டர் லீவுல இமயமலைப் பக்கம் டிரெக் போற பிளான்ல இருக்கீங்களா? நம்ம காலேஜ்ல வருஷத்துக்கு நாலு குரூப்பாவது கிளம்புது. போட்டோ எல்லாம் சூப்பரா வருது. அந்தப் போட்டோல யாரும் கவனிக்காத ரெண்டு விஷயத்தைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. ஒண்ணு, உடம்போட ஒட்டியிருக்கற துணி. இன்னொண்ணு, டென்ட்ல பக்கத்துல படுத்திருக்கற ஆள். பனியில உங்களைக் காப்பாத்தறது பெரும்பாலும் இந்த ரெண்டும்தான். அதனால என் கருத்து இதுதான்: காட்டனை வீட்ல விட்டுட்டுப் போங்க, கூடப் பிறந்தவங்களைக் கூட்டிட்டுப் போங்க.

காட்டனை விட்டுட்டுப் போன்னு திருப்பூர்ல இருந்துகிட்டு சொல்றது கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கறேன். இந்தியாவோட பின்னலாடை ஏற்றுமதியில பாதிக்கு மேல நம்ம ஊர்ல இருந்துதான் போகுது. நிட்டிங், டையிங், கட்டிங், செக்கிங், அயர்னிங்னு ஏதாவது ஒரு இடத்துல வேலை செய்யற ஆள் நம்ம ஒவ்வொருத்தர் வீட்லயும் இருப்பாங்க. துணியைத் தொட்டுப் பார்த்தே 160 ஜிஎஸ்எம்மா 180 ஜிஎஸ்எம்மான்னு சொல்ற அளவுக்கு எங்க அப்பாவுக்குக் கை பழகியிருக்கு. ஆனா அந்தத் துணி குளிர்ல, ஈரத்துல எப்படி நடந்துக்கும்னு நம்ம வீடுகள்ல பேச்சே வராது. நமக்குத் துணின்னா ஆர்டர், ரேட், ஷிப்மென்ட். திருப்பூர் வெயிலுக்கு காட்டனை அடிச்சுக்க ஆளே இல்லைங்கறதும் உண்மை.

ஏன்னு பாருங்க. டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட் மக்களுக்கு இது பாடத்துலயே இருக்கு. சாதாரணக் காற்றில் இருக்கும் ஈரத்தை மட்டுமே இழுத்து, காட்டன் தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் தண்ணியை வெச்சுக்கும். பாலியஸ்டர் வெச்சுக்கறது 0.4 சதவீதம்தான். வேர்வையில நனைஞ்சா வித்தியாசம் இன்னும் பெருசு. காட்டன் இழை தண்ணியை உள்ளேயே குடிச்சிடும், லேசுல விடாது. நம்ம ஊர்ல அந்த ஈரம் மெதுவா ஆவியாகி உடம்பைக் குளுமையா வைக்கும். பனி மலையில அதே வேலைதான் ஆபத்து. தண்ணி, அசையாத காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமா வெப்பத்தைக் கடத்தும். நனைஞ்ச பனியன் போட்டுட்டு நிக்கறதுன்னா, உங்க உடம்புச் சூட்டை வெளியே கொண்டு போக நீங்களே ஒரு பைப் போட்டுக் கொடுத்த மாதிரி.

பாலியஸ்டர்ல ஈரம் இழைக்குள்ள போகாம, இழைகளுக்கு நடுவுல ஓடி வெளிப்பக்கம் வந்து காயும். கம்பளி காட்டனைவிட அதிகமாகவே ஈரம் இழுக்கும். ஆனா அதோட சுருள் இழைகளுக்குள்ள காத்து தங்கியிருக்கறதால ஈரமானாலும் சூடு கொடுக்கும். அதனாலதான் அடியில பாலியஸ்டர் இல்லைன்னா கம்பளி, நடுவுல ஃப்ளீஸ், மேல காத்தையும் தண்ணியையும் தடுக்கற ஜாக்கெட்னு மூணு அடுக்கு போடச் சொல்றாங்க.

போன டிசம்பர்ல நானும் என் தம்பியும் உத்தராகண்ட்ல இருக்கற கேதார்காந்தாவுக்குப் போனோம். டேராடூன்ல இருந்து சாங்க்ரி வரைக்கும் ஒரு பகல் முழுக்க வண்டி. அங்கிருந்து நடை. உச்சி சுமார் 12,500 அடி. பனிக்கு மேல டென்ட் போட்டுத் தூக்கம். ரெண்டாவது நாள் சாயங்காலம் கேம்ப்புக்கு வந்ததும் தம்பி அமைதியாயிட்டான். மத்தவங்க எல்லாம் "டயர்டா இருக்கான்"னு சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணலை. இவன் 104 டிகிரி காய்ச்சல்லயும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்ட ஆள். ஷூ லேஸை அவுக்க முடியாம விரல் தடுமாறுச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டா ரெண்டு செகண்ட் கழிச்சு "ம்" வருது. ஜாக்கெட்டைக் கழட்டிப் பார்த்தா, ஃப்ளீஸுக்கு அடியில அப்பா கம்பெனி சாம்பிள் டிஷர்ட். நூறு சதவீதம் காட்டன். ஏறும்போது விட்ட வேர்வையில சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. அதை உருவிப் போட்டு, காய்ஞ்ச உள்ளாடை மாத்தி, ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள தள்ளி, கைடு கொண்டு வந்த சூடான சர்க்கரைத் தண்ணியைக் குடிக்க வெச்சோம். ஒரு மணி நேரத்துல "ஸ்கோர் என்ன"ன்னு கேட்டான்.

இதுலதான் என் ரெண்டாவது பாயின்ட் இருக்கு. உடம்பு வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போனா அதுக்குப் பேரு ஹைப்போதெர்மியா. முதல்ல நடுக்கம், அப்புறம் பேச்சுக் குழறல், கைத் தடுமாற்றம், எரிச்சல், குழப்பம். மோசமான கட்டத்துல நடுக்கமே நின்னுடும். அதைப் பார்த்து "சரியாயிடுச்சு"ன்னு நினைச்சா கதை முடிஞ்சுது. மூளையே மந்தமாகறதால பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலைமை தெரியாது. பக்கத்துல இருக்கறவங்கதான் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்கணும்னா அந்த ஆள் சாதாரணமா எப்படிப் பேசுவார், எப்படி எரிஞ்சு விழுவார்னு தெரிஞ்சிருக்கணும். இருபது வருஷம் ஒரே ரிமோட்டுக்குச் சண்டை போட்டவங்களைவிட அது யாருக்குத் தெரியும்?

அதோட, "நீ சரியில்லை, திரும்பிப் போலாம்"னு ஃப்ரெண்டுகிட்ட சொல்லத் தயங்குவோம். எல்லாரும் காசு கட்டி வந்திருக்காங்க, மூட் அவுட் ஆகும்னு யோசிப்போம். தம்பிகிட்ட அந்த மரியாதை எல்லாம் கிடையாது. கூடப் பிறந்தவங்க இல்லாதவங்க சித்தி பையனையோ மாமா பொண்ணையோ கூட்டிட்டுப் போங்க. உங்களைத் திட்ட உரிமை இருக்கற ஆளா இருந்தா போதும்.

பெண்கள் கவனத்துக்கு ஒண்ணு. நம்ம பக்கத்துல "தம்பியைத் துணைக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தா போ கண்ணு"ன்னுதான் பர்மிஷனே வரும். எங்க வீட்லயும் அப்படித்தான். காவலுக்கு வந்தவனுக்கு நான் காவல் இருந்தேன்னு அம்மாகிட்ட சொன்னப்போ அவங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு. பனியில காவல்காரர்னு தனியா ஒருத்தர் கிடையாது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கணும். பர்மிஷன் எப்படிக் கிடைச்சாலும் வாங்கிக்கோங்க. ஆனா போற பொண்ணும் பொறுப்பான ஆள்தான்னு வீட்ல புரியற வரைக்கும் பேசுங்க.

"இதெல்லாம் ரொம்ப பயமுறுத்தல், கைடு பார்த்துக்குவார்"னு சொல்றவங்க இருக்காங்க. 2024 ஜூன்ல பெங்களூரிலிருந்து கிளம்பி உத்தராகண்டின் சகஸ்ரதால் பாதையில் போன குழுவில் 9 பேர் பனிப்புயலில் சிக்கி இறந்தாங்க. மாசம் ஜூன். கூட கைடுகளும் இருந்தாங்க. அவங்க மேல குத்தம் சொல்ல இதை எழுதலை. வானிலை மாறினா கைடு ஒருத்தரால பத்து இருபது பேரையும் ஒரே நேரத்துல பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

டிரெக்கோட நிக்காம ஸ்கீ பக்கம் போக நினைக்கறவங்களுக்கு இது இன்னும் பொருந்தும். குல்மார்க் மாதிரி இடங்கள்ல லிஃப்ட் இல்லாத சரிவுகள்ல, ஸ்கீ அடியில வழுக்காத பட்டை ஒட்டிக்கிட்டு ஏறி, பனியிலேயே டென்ட் போட்டுத் தங்கறவங்க இருக்காங்க. அங்கே பனிச்சரிவு விழுந்து ஒருத்தர் புதைஞ்சா, உயிரோட எடுக்கறதுக்கு நல்ல வாய்ப்பு முதல் 10, 15 நிமிஷம்தான். மீட்புக் குழு வர்றதுக்குள்ள அது முடிஞ்சிடும். அதனாலதான் ஒவ்வொருத்தரும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கற நீளக் கம்பி, மண்வெட்டி மூணும் வெச்சிருக்கணும்னு விதி. தோண்டப் போறது கூட வந்தவங்கதான். குல்மார்க்ல மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட ஸ்கீ பயிற்சி நிறுவனம் இருக்கு. முதல்ல அங்கே கத்துக்கணும். நானும் தம்பியும் அதுக்குத்தான் இப்போ காசு சேர்க்கறோம்.

செலவு? பெரிய பிராண்ட் கடைக்கு ஓட வேண்டாம். காதர்பேட்டையில ஒரு ரவுண்டு வந்தாலே ஏற்றுமதியில மிச்சமான பாலியஸ்டர் டிஷர்ட்டும் ஃப்ளீஸும் கிடைக்கும். தையல் பிளாட்லாக்கா இருந்தா தோள்ல பை உரசினாலும் உறுத்தாது. "தெர்மல்"னு எழுதியிருக்கறதை மட்டும் நம்பாதீங்க, அதுலயும் காட்டன் கலந்தது நிறைய இருக்கு. உள்பக்கம் வாஷ்கேர் லேபிளைத் திருப்பிப் படிங்க. ஒரு செட்டை பாலித்தீன் கவர்ல கட்டி, டென்ட்ல தூங்க மட்டும் வெச்சுக்கோங்க. எவ்வளவு குளிர்னாலும் மூடின டென்ட்டுக்குள்ள அடுப்பு பத்த வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

லீவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. லேபிளைப் படிச்சாச்சுன்னா, பக்கத்து ரூம்ல மொபைல் நோண்டிட்டு இருக்கற ஆளைக் கூப்பிட்டு "வர்றியா?"ன்னு கேளுங்க. பையை நீங்களே செக் பண்ணுங்க. அவங்க உங்க பையைச் செக் பண்ணட்டும்.