வீட்டுக் காப்புறுதிக்கு எதற்கு 18 வீத வரி?

ஆசிரியருக்கு,

ஆயுள் காப்புறுதிக்குப் பெறுமதி சேர் வரி இல்லை. வீட்டுக் காப்புறுதிக்கு உண்டு. 2019 டிசம்பரில் 8 வீதமாக்கப்பட்ட அவ்வரி, 2022 இல் 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரி முதல் 18 வீதமாக நிற்கிறது. பொருளாதார நெருக்கடியில் மக்களின் கை சுருங்கிய அதே காலத்தில்தான் இந்த ஏற்றம். ஒரேயொரு வீட்டை வாடகைக்கு விட்டுச் சீவிக்கும் குடும்பத்துக்கு வாடகை பிந்தினால், முதலில் நின்றுபோவது காப்புறுதிக் கட்டுப்பணம்தான். அதை அசட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1978 சூறாவளியைக் கண்ட, 2011 இலும் 2024 இலும் வெள்ளத்தில் மிதந்த மட்டக்களப்பின் படுவான்கரையில், மழை வலுத்தால் வெல்லாவெளி–மண்டூர் வீதியே நீருக்குள் போகும் ஊரில், அந்தக் கட்டுப்பணத்துக்கும் வரி அறவிடுவது அநியாயம்.

கட்டுப்பணத்தை எப்படியோ கட்டிவருவோருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2022 இல் சீமெந்தும் கம்பியும் விலையேறியபின், திரும்பக் கட்ட 80 இலட்சம் செல்லும் வீடு பழையபடி 40 இலட்சத்துக்கே காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் 10 இலட்சத்துக்குச் சேதம் செய்தால், விகிதாசார நிபந்தனையுள்ள ஒப்பந்தத்தில் கிடைப்பதும் பாதிதான், 5 இலட்சம். தொகையை உயர்த்தினால் கட்டுப்பணம் கூடும். கூடவே வரியும் கூடும். வாடகைக்கு இருப்பவரின் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் பிள்ளைகளின் புத்தகங்களும் வீட்டுக்காரரின் கட்டடக் காப்புறுதிக்குள் வருவதே இல்லை. அவர் தனியாகக் காப்புறுதி எடுக்க வேண்டும். அதற்கும் 18 வீதம்.

சர்வதேச நாணய நிதியத்துடனான 2023 உடன்பாட்டின்படி வருமானத்தைப் பெருக்கவேண்டிய அரசு இதை எப்படி விட்டுக்கொடுக்கும் என்று கேட்பார்கள். காப்புறுதி இல்லாத வீடு இடிந்தால் நிவாரணம் கேட்டு மக்கள் போய் நிற்பது பிரதேச செயலகத்தில்தான்; அந்தச் செலவும் திறைசேரியினுடையதே. இதை அரசு அறியாததல்ல. 2016 இல் தானே கட்டுப்பணம் செலுத்தி, வீடொன்றுக்கு 25 இலட்சம் ரூபாய் வரை இழப்பீடு தரும் இயற்கை அனர்த்தக் காப்புறுதியைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் வழியாகத் தொடங்கியது. அன்று மக்களுக்காகக் கட்டுப்பணம் கட்டிய அரசு, இன்று மக்கள் தாமே கட்டும்போது வரி கேட்கலாமா?

வாடகை வீடு வருமானம் தரும் சொத்துத்தானே, அதற்கேன் சலுகை என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆகவே பல வீடுகள் வைத்திருப்போருக்கு வரி இருக்கட்டும். ஒரு வீட்டை மட்டும் வாடகைக்கு விடுவோருக்கும், வாடகைக்கு இருப்போரின் வீட்டுப் பொருட்களுக்கும் விலக்குத் தாருங்கள். கட்டுப்பணத்தை மாதத் தவணையாகச் செலுத்தவும் வழி செய்யுங்கள். எமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்திலேயே இதை நிதியமைச்சிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மண்டூர்.