ஒண்ணரை அடி மிச்சம்

போன மாசம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருந்தேன். புது வீடு கட்டிக்கிட்டு இருக்கோம். கீழ்த்தளம் ரூஃப் போட்டு முடிஞ்சுது, மாடிக்குப் பில்லர் கம்பி கட்டற வேலை நடக்குது. அப்பா காலைல டீ வாங்கிட்டு சைட்டுக்குப் போறப்ப நானும் கூடவே போனேன். சாஃப்ட்வேர்காரன் சைட்டுக்குப் போனா என்ன பண்ணுவான்? செங்கல் அடுக்கு மேல உக்காந்து வேடிக்கை பார்ப்பான். நானும் அதான் பண்ணேன்.

அப்பத்தான் அது கண்ணுல பட்டுச்சு. தளத்திலிருந்து மேலே நீட்டிக்கிட்டு நிக்கற பழைய கம்பி மூணு அடிக்குக் கொஞ்சம் மேல இருக்கு. புதுக்கம்பியைத் தளத்திலிருந்தே நிறுத்தியிருந்தா அந்த மூணு அடியும் ரெண்டு கம்பியும் ஒட்டிக்கிட்டே ஓடியிருக்கும். ஆனா அவங்க எடுத்தது எல்லாம் துண்டுக் கம்பி. மேலே உயரம் எட்டணுமேன்னு தூக்கிப் பிடிச்சு, ஒண்ணரை அடி மட்டும் சேர்த்து வச்சு, கட்டுக்கம்பியால நாலு சுத்து சுத்தியிருந்தாங்க. ஒரு பில்லருக்கு ஆறு கம்பி. ஆறுக்கும் ஒரே உயரத்தில் ஒட்டு.

எனக்கு சிவில் தெரியாது. நான் படிச்சது வேற இன்ஜினியரிங். ஆனாலும் என்னமோ உறுத்துச்சு. போட்டோ எடுத்து, கட்டட டிசைன் வேலையில் இருக்கிற காலேஜ் ரூம்மேட்டுக்கு அனுப்பினேன். அஞ்சே நிமிஷத்தில் போன் வந்துச்சு. முதல் வார்த்தையே, "கான்கிரீட் ஊத்தியாச்சாடா?"

அவன் சொன்னதை எனக்குப் புரிஞ்ச அளவில் சொல்றேன். கம்பியும் கம்பியும் சேர்ற இடத்தில் கட்டுக்கம்பிக்கு வேலையே கிடையாது. கான்கிரீட் ஊத்தற வரைக்கும் கம்பி நகராம பிடிச்சுக்கறது மட்டும்தான் அதோட வேலை. அதுக்கப்புறம் கீழ்க்கம்பியில் இருக்கிற இழுவிசை அதைச் சுத்தி இருக்கிற கான்கிரீட்டுக்குப் போய், அங்கிருந்து மேல்கம்பிக்கு மாறணும். ஒரே இடத்தில் டபக்குன்னு மாறாது. கொஞ்சம் கொஞ்சமா, நீளம் பூராவும் மாறும். அதுக்குத்தான் ஓவர்லேப். ஐஎஸ் 456 கணக்குப்படி எம்20 கான்கிரீட்டும் 500 கிரேட் கம்பியும்னா விட்டத்தைப் போல 57 மடங்கு வரும். எங்களோடது 16 மில்லிமீட்டர் கம்பி. பெருக்கினா 912 மில்லிமீட்டர், அதாவது மூணு அடி. பில்லர்ல அமுக்கம் மட்டும்தானே, கம்மியா விட்டா என்னன்னு கேட்பாங்க. ஆனா பூகம்பத்தில் பில்லர் ஆடும்போது ஒரு பக்கக் கம்பி இழுபடும். அதனால இழுவிசைக்குத் தகுந்த நீளமே குடுக்கச் சொல்லுது ஐஎஸ் 13920. ஒட்டு பில்லர் உயரத்தோட நடுப்பகுதியில்தான் வரணும், பாதிக் கம்பிக்கு மேல ஒரே இடத்தில் ஒட்டுப் போடக்கூடாதுன்னும் அதில் இருக்கு. நாங்க போட்டிருந்தது பாதி நீளத்தில், மொத்தமும் ஒரே இடத்தில்.

சரி, இதில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்? 16 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. ஒரு ஒட்டுக்கு ஒண்ணரை அடின்னா முக்கால் கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி. ஆறு கம்பி, பன்னெண்டு பில்லர். மொத்தம் 52 கிலோ. ஒரு வீட்டோட பலத்துக்கு எதிரா வச்சுப் பார்த்தா இந்த அம்பது கிலோ எல்லாம் ஒரு காசா?

இதைத்தான் பெங்களூர் திரும்புற பஸ்ஸில் யோசிச்சுக்கிட்டே வந்தேன். ஒரு பொருளை இன்னொரு பொருளோட சேர்க்கற வேலை எல்லாத் தொழில்லயும் இருக்கு. எங்கே நல்லா செய்யறாங்க, எங்கே ஏமாத்தறாங்க, ஏன்?

எங்க பெரியப்பா ஒரு நூல் மில்லில் வைண்டிங்கில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் நூல் அறுந்தா முடிச்சுப் போட்டுத்தான் ஓட்டுவாங்களாம். முடிச்சு, நூலை விடத் தடியா புடைச்சுக்கிட்டு நிக்கும். பனியன் துணி பின்னற மிஷின்ல ஊசிக்குள்ள போய் மாட்டும், திரும்ப அறுந்துடும். அப்புறம்தான் காத்து ஸ்ப்ளைஸர் வந்துச்சு. மிஷின் முதல்ல நூலில் கெட்டுப்போன நீளத்தை வெட்டி எறியும். ரெண்டு முனையிலயும் முறுக்கைக் காத்தாலயே பிரிக்கும். பிரிஞ்ச நாரை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, மறுபடி காத்தடிச்சு முறுக்கிடும். ஒட்டு இருக்கிற இடம் சட்டுன்னு கண்ணுக்குத் தெரியாது. அசல் நூலோட பலத்தில் 80 சதவீதத்துக்கு மேலேயே நிக்கும். "முடிச்சுங்கறது அவசரம். ஒட்டுங்கறது பொறுமை"ன்னு பெரியப்பா சொல்லுவார். நான் அப்போ சின்னப் பையன், அவர் மிஷினைப் பத்தி மட்டும்தான் சொல்றார்னு நினைச்சுக்கிட்டேன்.

கயித்திலும் இதே கதைதான். முடிச்சுப் போட்ட கயிறு, முடிச்சு இருக்கிற இடத்தில் பாதி பலம் வரைக்கும் இழக்கும். வளைவு சுருக்குன்னு இருக்கிற இடத்தில் நார் எல்லாம் சமமா இழுபடாது, அதான் காரணம். அதுவே முப்பிரிக் கயிறைப் பிரிச்சு, ஒவ்வொரு பிரியையும் அடுத்த கயித்தோட பிரிகளுக்கு நடுவில் மூணு, அஞ்சு தடவை மாத்தி மாத்தி நுழைச்சு இறுக்கினா கிட்டத்தட்ட முழுப் பலமும் நிக்கும். ஆனா ரெண்டு கயித்திலும் கொஞ்சம் நீளம் போகும். நேரமும் போகும்.

ஒட்டு மாங்கன்று பார்த்திருப்பீங்க. நேரா வெட்டி மேலே வச்சா பிடிக்காது. ரெண்டு தண்டையும் சரிவா சீவி, வெட்டுவாய் நீளமா இருக்கற மாதிரி வச்சுக் கட்டுவாங்க. தச்சர்கள் நீளம் பத்தாத மரத்தைச் சேர்க்கறதும் அப்படித்தான், சரிவா செதுக்கித்தான்.

இதுக்கெல்லாம் விதிவிலக்கு மாதிரி தெரியறது ஃபைபர் கேபிள். அங்கே ஓவர்லேப்பே கிடையாது, முனையோட முனை. கண்ணாடி இழை 125 மைக்ரான். அதுக்குள்ள வெளிச்சம் ஓடற பகுதி வெறும் 9 மைக்ரான் அளவுதான். மேல் பூச்சை உரிச்சு, ஆல்கஹால் போட்டுத் துடைச்சு, முனையை நேர்செங்குத்தா வெட்டி, மிஷினில் வச்சு மின்பொறியில் உருக்கி ஒட்டறாங்க. நல்ல ஒட்டில் 0.05 டெசிபல் கூடப் போகாது. ஆனா அவங்களும் ரெண்டு விஷயம் பண்றாங்க. ஒட்டின இடத்துக்கு மேல ஒரு சின்ன உறை போட்டு சுருக்குவாங்க, அதுக்குள்ள ஒரு மெல்லிய ஸ்டீல் கம்பி இருக்கும். அதாவது வெளிச்சத்தைக் கடத்தற வேலை ஒட்டுக்கு, பாரம் தாங்கற வேலை அந்தக் கம்பிக்கு. இன்னொண்ணு, பெட்டிக்குள்ள ஒரு மீட்டருக்குக் குறையாம இழையைச் சுருட்டி வைப்பாங்க. நாளைக்குத் திரும்ப வெட்டி ஒட்டணும்னா நீளம் வேணுமில்லையா!

எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா, நல்லா ஒட்டுப் போடற எல்லாத் தொழிலிலும் ரெண்டு விஷயம் பொது. ஒண்ணு, சேர்க்கறதுக்கு முன்னாடி முனையைத் தயார் பண்ணுவாங்க. ரெண்டு, நீளத்தைச் செலவு பண்ணத் தயங்க மாட்டாங்க. ரெண்டு பக்கமும் கொஞ்சம் இழக்காம எதுவும் சேராது.

அப்படின்னா எங்க வீட்டுப் பில்லரில் மட்டும் ஏன் நீளத்தில் கை வச்சாங்க?

கம்பி கட்டறவங்க கெட்டவங்கன்னு சொல்ல வரலை. அவங்களுக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. ஒட்டு மூணு அடி போட்டாலும் ஒண்ணரை அடி போட்டாலும் அதே காசு. மேல் கீழா மாத்தி மாத்தி ஒட்டு வரணும்னா நீளக் கம்பியைக் காத்தில் ஆட்டிக்கிட்டு நிக்கணும், நேரம் இழுக்கும். மேஸ்திரிகிட்ட துண்டுக் கம்பி வீணாப் போகுதுன்னு தினமும் புலம்பினது யாரு? எங்க அப்பாதான். அவர் கண்ணுக்குத் துண்டுக் கம்பி தெரிஞ்சுது, ஒட்டு தெரியலை. நாளைக்குக் கான்கிரீட் ஊத்திட்டா யாருக்குமே தெரியாது.

காஞ்சிபுரம் பட்டில் பிட்னின்னு ஒண்ணு இருக்கு. உடல் ஒரு நிறம், முந்தானை வேறு நிறம். அதுக்குப் பாவு இழைகளை ஒவ்வொண்ணா புது நிற இழையோட கோர்த்து மாத்தணும். ஆயிரக்கணக்கான இழை, எல்லாம் கை வேலை. சேர்ந்த இடம் சேலையில் ஒரு தழும்பு மாதிரி தெரியும். தெரிஞ்சவங்க கடையில் சேலையைப் பிரிச்சதும் அந்த இடத்தைத்தான் தடவிப் பார்ப்பாங்க, அதுக்கு விலையும் குடுப்பாங்க. அங்கே ஒட்டு வெளியே தெரியுது, அதுக்குக் கூலி இருக்கு. நூல் மில்லில் ஒட்டு சரியில்லைன்னா கோன் திரும்பி வரும். ஃபைபரில் எத்தனை டெசிபல் போச்சுன்னு மிஷினே சொல்லிடும். பில்லரில் மட்டும்தான் பார்க்க ஆளும் இல்லை, கூலியும் இல்லை, கேட்க வழியும் இல்லை.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். எங்கே ஒட்டு மறைஞ்சு போகுதோ, அங்கே அதுக்குத் தனியா கூலி குடுங்க, மறையறதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து பார்க்கணும்னு வைங்க. ரெண்டும் இல்லாம "நல்லா பண்ணுங்கண்ணா"ன்னு சொல்றதில் பிரயோஜனமே இல்லை.

எங்க ஆபீஸ் மட்டும் என்ன யோக்கியமா? ரெண்டு டீம் தனித்தனியா மூணு மாசம் கோட் எழுதுவோம். ரெண்டையும் சேர்க்கறதுக்கு பிளானில் எத்தனை நாள்? ரெண்டு. அது யாரோட வேலைன்னு யாருக்கும் தெரியாது. அவங்க மாட்யூல் டெஸ்ட் பாஸ், எங்க மாட்யூலும் பாஸ். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வர்றது மட்டும் எப்பவும் நடுவில் இருந்துதான் :-)

"முப்பது வருசமா இப்படித்தானேடா கட்டறாங்க, எந்த வீடு விழுந்துச்சு?"ன்னு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். சாதாரண நாளில் எந்த வீடும் விழாது. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தில், மையத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்துச்சு. அதுக்குக் காரணங்கள் பல, எல்லாத்தையும் ஒட்டு மேல போட முடியாது. ஆனா அந்தக் கட்டடங்களும் முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் நின்னுச்சு. நம்ம கோயம்புத்தூரே 1900 பிப்ரவரியில் நல்லா ஆடின ஊர்தான்னு சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. டீ கிளாஸைக் கீழே வச்சுட்டு மேஸ்திரிகிட்டப் போனார்.

மேஸ்திரி முதல்ல முறைச்சார். "தம்பி, படிச்சவங்க நீங்க சொன்னா சரிங்க. ஆனா பசங்களுக்கு ஒரு நாள் கூலி போகுமுங்க." அந்த ஒரு நாள் கூலியை நாங்க குடுத்தோம், கம்பியும் வாங்கிப் போட்டோம். பன்னெண்டு பில்லரிலும் பிரிச்சுட்டு நீளக் கம்பியைத் தளத்திலிருந்து நிறுத்திக் கட்டினாங்க. கீழ்க்கம்பி எல்லாம் ஒரே உயரத்தில் வெட்டியாச்சு, அதனால மாத்தி மாத்தி ஒட்டுப் போடறதோ, நடு உயரத்துக்குக் கொண்டு போறதோ நடக்கலை. அதுக்குப் பதிலா ஒட்டு இருக்கிற நீளம் பூரா ரிங்கை நெருக்கமாப் போடச் சொன்னான் நண்பன். போட்டாங்க. முழுசாச் சரியாகலை, முக்கால்வாசி சரியாச்சு.

கிளம்பும்போது கீழ்த்தளத்துக்குள்ள ஒரு சுத்து சுத்தி வந்தேன். அங்கேயும் பன்னெண்டு பில்லர், பூசுவேலைக்கு ரெடியா, நல்லா நேரா நிக்குது. அதுக்குள்ள எத்தனை அடி ஓவர்லேப் இருக்குன்னு எனக்குத் தெரியாது, யாரும் பார்க்கலை. தென்கிழக்கு மூலையில் சமையலறை, அதை ஒட்டின ரூம் அம்மாவுக்குன்னு முடிவாயிருக்கு. அந்த ரூம் மூலையில் இருக்கிற பில்லரைக் கையால தட்டிப் பார்த்தேன். தட்டினா ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சும்தான்.

வீடு கட்டிக்கிட்டு இருக்கவங்க, தயவுசெஞ்சு நாளைக்குக் காலைல ஒரு டேப்பை எடுத்துக்கிட்டு சைட்டுக்குப் போங்க. பாக்ஸ் அடிக்கறதுக்கு முன்னாடி.